பள்ளி, பள்ளிவாசல், பள்ளியறை

68 வயது அம்மாவுடன் மூன்று நாள் மதுரையில் தங்கப்போவதாகவும், பழைய கோயில்களோடு சமணர் இருந்த இடங்களையும் பழைய பள்ளிவாசல்களையும் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே தொடங்குவது, எல்லா இடத்திலும் உள்ளே விடுவார்களா, எப்படி நடந்துகொள்வது என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் ஒன்று. மீனாட்சி கோயிலில் தொடங்காதீர்கள். அதைக் கடைசி நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதுரைக்காரன் இப்படிச் சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஆகவே காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் திருவிளையாடற் புராணத்தில் ஒரு கதை இருக்கிறது. சமணர்கள் வேள்வி செய்து பாண்டியனின் ஊர்மேல் ஒரு யானையை ஏவினார்கள், பிறகு ஒரு நாகத்தை, பிறகு ஒரு பசுவை. சொக்கநாதர் அருளால் மூன்றும் வீழ்ந்து யானைமலை, நாகமலை, பசுமலை என்று கிடக்கின்றன. இது கோயில் சொல்லும் கதை. யானைமலைக்கும் நாகமலையை ஒட்டிய சமணர்மலைக்கும் நேரில் போனால் நீங்கள் காண்பது வேறு. அங்கே சமணத் துறவிகள் தங்கிய குகைகளும் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் இருக்கின்றன. சம்பந்தர் காலமாகிய 7ஆம் நூற்றாண்டில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்பது இன்னொரு கதை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், 9, 10ஆம் நூற்றாண்டுகளில், அதே மதுரையைச் சுற்றி ஊர்க்காரர்கள் பெயர் கொடுத்துத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிக்கொண்டிருந்ததை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் காட்டுகின்றன. கதை பொய் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கல்லை முதலில் பார்த்துவிட்டுக் கதைக்கு வந்தால், கதை யாரைப் பற்றியது என்பதாவது தெரிந்திருக்கும். அதனால்தான் மலை முதலில், கோயில் கடைசியில்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பள்ளி’ என்ற சொல்லுக்குப் படுக்கும் இடம் என்று பொருள். துறவிகள் படுத்த குகை பள்ளியானது, அவர்கள் தங்கிப் பாடம் சொன்ன மடமும் பள்ளியானது. இன்று நம் பிள்ளைகள் போகும் இடமும் பள்ளிதான். முஸ்லிம்கள் தொழும் இடத்துக்குத் தமிழ் கொடுத்த பெயர் பள்ளிவாசல். மீனாட்சி கோயிலில் இரவு கடைசியாக நடப்பது பள்ளியறைப் பூசை. பெருமாளோ பள்ளிகொண்டவர். நீங்கள் மூன்று சமயத்து இடங்களைப் பார்க்க வருகிறீர்கள். மொழி அவற்றுக்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் போங்கள். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 12 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்குமேல் அந்தப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். மலையடிவாரத்தில் தாமரைக் குளமும் பெரிய ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அங்கேயே நிழலில் உட்கார்ந்துகொள்ளட்டும். அந்த இடத்தின் காற்றுக்கே ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு இருக்கிறது. புடவு என்றால் குகை. குகைக்கு வெளியே பாறையில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைப் பார்த்த ஊர்மக்கள், நீண்ட காதும் நிறைவான முகமுமாக இருக்கிறாரே, பெரிய செட்டியார்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதனால் செட்டிப்புடவு. குகைக்குள் குனிந்து நுழைந்து மேலே பார்த்தால் வரிசையாக ஐந்து சிற்பங்கள். நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள், இருபுறமும் இயக்கியர் என்ற சமணப் பெண்தெய்வங்கள். சிங்கத்தின்மேல் ஏறி யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கியைத் தவறவிடாதீர்கள். துறவியர் உறைந்த அமைதியான குகையில் இப்படி ஒரு போர்க்காட்சியை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். படிகள் அதிகமில்லை. அம்மாவால் மெல்ல ஏற முடியும்.

அய்யனார் கோயிலின் பக்கத்திலிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனைக்கு மேலே, பாறை முகத்தில் எட்டுச் சிற்பங்கள். ஐந்துதலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதரும் கொடிகள் சுற்றிய பாகுபலியும் அடையாளம் காண எளிது. கீழே வட்டெழுத்து. யார் செய்வித்தார், யாருடைய மாணவர், எந்த ஊர் என்ற விவரங்கள். மதுரைப் பகுதி மலைகள் பலவற்றில் சிற்பம் செய்வித்த அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியாரின் பெயர் இங்கே இருக்கிறது. வீட்டைத் துறந்த மகன் என்றாலும் தாயின் பெயர் பாறையில் நின்றுவிட்டது. இன்னும் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பள்ளியின் அடித்தளமும், உச்சிப் பகுதியில் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. கர்நாடகத்துச் சமணர்களோடு இந்த மலைக்குத் தொடர்பு இருந்ததற்கு அது சாட்சி.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. பூசாரி இல்லை, மணி இல்லை, தட்டு இல்லை என்பதால் இது வழிபாட்டிடம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வயதில் நான் நண்பர்களோடு இப்படி ஒரு குகைக்குப் போய், வழவழப்பாக வெட்டிய கற்படுக்கைமேல் செருப்போடு ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை தின்றுகொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி, சாமி படுத்திருந்த இடத்தில் எச்சிற்கையோடு உட்கார்ந்திருக்கிறாயே என்று திட்டிய திட்டில் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். சமணம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருப்பாரா தெரியாது. ஆனால் அங்கே எப்படி இருக்க வேண்டும் என்பது எங்களைவிட அவருக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றுங்கள். தோல் பெல்ட், தோல் பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள். நகரத்தில் வழிபாடு நடக்கும் சமணக் கோயில்களுக்குப் போவதானாலும் இதுவே வழக்கம். சிற்பத்தின்மேல் எண்ணெய், மஞ்சள், குங்குமம் எதையும் பூசாதீர்கள். பக்தியால் செய்தாலும் கல்லுக்குக் கேடுதான். எழுத்துகளின்மேல் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வாயில் நல்ல சொல் வராது. காலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகவே தெரியும். ஏழு மணிக்கு வரச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று மாலை திருப்பரங்குன்றம். முருகன் கோயிலின் கருவறை மலையைக் குடைந்தது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரை. ஒரே குடைவரையில் துர்க்கை, முருகன், விநாயகர், எதிரெதிரே சிவனும் பெருமாளும். முருகன் பாறையிலேயே புடைப்பாக இருப்பதால் அபிடேகம் அவருக்கு நடப்பதில்லை, வேலுக்குத்தான். இதைக் கவனிக்காமல் வரிசையில் நகர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். மலையின் தென்புறம், கோயிலிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், உமையாண்டார் கோயில் என்ற இன்னொரு குடைவரை இருக்கிறது. சமணக் குகையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாறியது என்று ஆய்வாளர் கருதும் இடம். கூட்டமே இருக்காது.

அதே மலையின் மேற்குச் சரிவில், தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துப் பொறிப்புகளோடு சமணர் படுக்கைகள் உள்ளன. மேலே காசி விசுவநாதர் கோயிலும் உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்காவும் உள்ளன. நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே குன்றில் இருக்கும் இடம் இதுதான். செய்திகளில் இந்தக் குன்றின் பெயர் அடிபடுவதையும் பார்த்திருப்பீர்கள். மலை யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம்வரை போனது, இன்றும் ஓயவில்லை. சில நாள்களில் மலைப்பாதையில் போலீஸ் கட்டுப்பாடு இருக்கும். ஆகவே மலை ஏறுவதாக இருந்தால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தடை என்றால் வாதாடாமல் கீழ்க்கோயிலோடு திரும்புங்கள். ஏறினால் யாரிடமும் எந்தப் பக்கமும் பேசாதீர்கள். ஆட்டோக்காரர் பேச்சுக் கொடுத்தாலும் சரி. வாயைப் பூட்டிக்கொண்டு கண்ணைத் திறந்துவைத்தால் அந்தக் குன்றில் பார்க்க நிறைய இருக்கிறது.

இரண்டாம் நாள் வடகிழக்கு. மேலூர் சாலையில் ஒத்தக்கடையிடம் திரும்பினால் நரசிங்கம். யானைமலையின் அடியில் யோக நரசிம்மர் குடைவரை. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770இல் இதைக் குடைவித்தார். முழுதும் முடியுமுன் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை முடித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. புராணமோ, ஏவி விடப்பட்ட யானையை வீழ்த்தியது நரசிங்கக் கணை, அதனால்தான் இங்கே நரசிம்மர் என்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில் என்ற முருகன் குடைவரை. அதே மலையின் இன்னொரு முகத்தில், மேலே, சுதையும் வண்ணமும் ஒட்டியிருக்கும் சமணச் சிற்பங்கள். வழி கேட்கும்போது சமண தீர்த்தங்கரர் என்றெல்லாம் கேட்காதீர்கள். சாமி செதுக்கிய பாறை எங்கே என்று கேட்டால் சிறுவர்கள்கூடக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அங்கிருந்து அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று ஊரே திரண்டு நின்றதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் கைவிடப்பட்டதும் நினைவிருக்கும். இங்கே ஒரு மலையில் சிவன் குடைவரை, உள்ளே, சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம். தமிழ்நாட்டில் அரிதாகக் காணக்கூடியது. இன்னொரு பக்கம் தமிழிக் கல்வெட்டுகள் உள்ள குகை. அதன் அருகே அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர். சிற்பத்தில் பழைய வண்ணம் இன்னும் தெரிகிறது. பாதை கடினமில்லை. அம்மாவுக்கு இரண்டு மலையில் ஒன்றுதான் முடியும் என்றால் யானைமலை மேலேறுவதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுங்கள்.

மாலையில் அழகர்கோயில். பதினெட்டாம்படிக் கருப்பின் கதவுக்கு முன் நின்றால் யாருக்கும் குரல் தானாகத் தணியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் இங்கிருந்து புறப்பட்டு வைகைக்கு வருகிறார். வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்பது மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சமணரைப் பற்றிய கதையில் பகை, முஸ்லிம் பெண்ணைப் பற்றிய கதையில் காதல். ஒரே ஊர் தன் அண்டை அயலாரை இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறது. இதே அழகர்மலையின் மற்றொரு பக்கம், கிடாரிப்பட்டி ஊரிலிருந்து ஏறினால், சமணர் குகை. அதிலுள்ள தமிழிப் பொறிப்புகளில் மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், வெல்லம் விற்ற பணித வணிகன், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகன் என்று கொடை கொடுத்தவர்களின் தொழில் இருக்கிறது. எனக்கு மதுரையில் பிடித்த கல்வெட்டுகள் இவைதாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கடைத்தெருவே கூடி நின்று துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த ஏற்றம் அம்மாவுக்கு வேண்டாம், உங்களுக்கும் தனியாக வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பசுமை நடை குழுவினர் இத்தகைய மலைகளுக்கு நடைப்பயணம் நடத்துகிறார்கள். உங்கள் நாள்களோடு பொருந்தினால் அவர்களோடு போவது இன்னும் நல்லது.

மூன்றாம் நாள் நகரத்துக்குள். பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே காஜிமார் தெருவில் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் காஜி சையது தாஜுத்தீன் அவர்கள் இங்கே வந்ததாகவும், பாண்டிய மன்னன் நிலம் கொடுத்ததாகவும் மரபு. அவர் வழியினர் இன்றும் அந்தத் தெருவில் வாழ்கிறார்கள். வளாகத்திலேயே மக்பரா எனப்படும் அடக்கத்தலமும் உண்டு. குவிமாடத்தைத் தேடிப் போகாதீர்கள். தமிழ்நாட்டின் பழைய பள்ளிகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும்கூடக் கல்தூண் மண்டபங்கள்தாம். கோயில் கட்டிய அதே மண்ணின் கல்தச்சர் மரபு தூணின் சதுரத்திலும் பட்டையிலும் தெரியும். உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும்.

உள்ளே விடுவார்களா என்றால், விடுவார்கள், கேட்டால். வாசலில், தொழுகைக்கு அழைக்கும் மோதினாரோ வேறு பெரியவரோ இருப்பார். பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். ஐந்து வேளைத் தொழுகை நேரத்தைத் தவிருங்கள். வெள்ளி நண்பகலை அறவே தவிருங்கள். தலையை மூடிக்கொள்ளுங்கள். ஆண்களுக்குக் கைக்குட்டை போதும், அம்மாவுக்குச் சேலைத் தலைப்பே போதும். தொழுதுகொண்டிருப்பவரின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியாகிய ஹவுளில் காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். பெண்கள் தொழுகைக் கூடத்துக்குள் போகும் வழக்கம் பல பழைய பள்ளிகளில் இல்லை. அம்மாவை வெளியே நிற்கச் சொன்னால் அதை உங்களுக்கு மட்டும் காட்டும் விலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அதே வழக்கம்தான். அது சரியா என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு, ஆனால் விருந்தாளியாகப் போன வாசலில் நான் அதைப் பேசுவதில்லை.

ஐந்து நிமிட நடையில் கூடலழகர் பெருமாள் கோயில். ஒரே விமானத்தில் மூன்று நிலைகளில் இருந்த, நின்ற, கிடந்த கோலங்கள். பெருமாள் கோயிலில் நவக்கிரகம் இருப்பதையும் பார்த்துவிட்டு வைகை கடந்து கோரிப்பாளையம் தர்காவுக்குப் போங்கள். ‘கோர்’ என்றால் பாரசீகத்தில் அடக்கத்தலம், அதுவே ஊர்ப்பெயர். அலாவுத்தீன், சம்சுத்தீன் என்ற இரு பாதுஷாக்கள் அடங்கிய இடம். மேலே உள்ள பெரிய குவிமாடத்தை அழகர்மலைக் கல்லில் செய்தது என்பார்கள். பாண்டியர் கொடுத்த நிலக்கொடையை 1573இல் வீரப்ப நாயக்கர் உறுதி செய்த கல்வெட்டும் இங்கே உண்டு. தர்காவின் நடைமுறை பள்ளிவாசலைவிடத் தளர்ந்தது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் விடாதபோது என் அம்மா இங்கேதான் தூக்கிக்கொண்டு வந்தார். மயிற்பீலியால் தலையில் தடவி, ஓதி ஊதி, கையில் கயிறு கட்டி, சர்க்கரை கொடுத்து அனுப்பினார்கள். கீழவாசல் டாக்டரின் ஊசியும் அதே வாரம்தான் போட்டது. இரண்டில் எது கேட்டது என்று என் அம்மா கடைசிவரை முடிவு செய்யவில்லை. நீங்கள் பாத்தியா என்ற வேண்டுதலை ஓதச் சொல்லலாம், சொல்லாமல் அமைதியாக நின்றுவிட்டும் வரலாம். கபுரை, அதாவது அடக்கத்தை, மிதிக்கவோ தாண்டவோ கூடாது. படம் எடுக்கும்முன் கேளுங்கள். இங்கும் அடக்கத்துக்கு மிக அருகே பெண்கள் போகலாமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது மீனாட்சி கோயில். நண்பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சித்திரையில் ஒரு மணி வெயிலில் ஆடி வீதிக் கல்தளத்தில் மாட்டிக்கொண்டால் கால் கொப்புளிக்கும். ஐந்து மணிக்கு நுழையுங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு மொபைலுக்கு அனுமதியில்லை, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வேட்டி, பேண்ட், சேலை, சுடிதார் சரி. அரைக்கால் சட்டை கூடாது. உங்களோடு இந்து அல்லாத நண்பர் வந்தால் பொற்றாமரைக் குளம், மண்டபங்கள்வரை வரலாம், கருவறைப் பகுதிக்கு முன் பலகை நிறுத்தும்.

உள்ளே விடுவார்களா என்ற கேள்வியை இந்த வாசல் புதிதாகக் கேட்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாதய்யர், தலித்துகள் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். அதுவரை மதுரைக்காரர்களிலேயே பெரும்பங்கினர் கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டவர்கள்தாம்.

முதலில் குளக்கரைக்குப் போங்கள். மண்டபச் சுவரில் திருவிளையாடல் ஓவியங்கள். யானையும் நாகமும் வருமிடத்தில் நில்லுங்கள், கழுவேற்றக் காட்சியும் உண்டு. இரண்டு நாளாகப் போய்வந்த மலைகளின் கதை இது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். குணமதியாரின் பெயரையும் சொல்லுங்கள். பிறகு முக்குறுணி விநாயகர், அம்மன், சுவாமி, 985 தூண்கள் உள்ள ஆயிரங்கால் மண்டபம் என்று உங்கள் விருப்பப்படி சுற்றலாம். அவற்றைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இரவு ஒன்பது மணிக்குமேல் அம்மன் சன்னிதிப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, நாகசுரம் முன்செல்ல, மீனாட்சியின் பள்ளியறைக்குத் தூக்கி வருவார்கள். ஊஞ்சல், பால், தாலாட்டு, பிறகு கதவு சாத்துவார்கள். கூட்டம் அப்போது கலைந்திருக்கும், அம்மா நன்றாகவே பார்க்கலாம். ஒன்று மட்டும்: செருப்பையும் மொபைலையும் கொடுத்த வாசல் எது என்பதை நினைவில் வைத்திருங்கள். கிழக்கே கொடுத்துவிட்டு மேற்கே வெளியேறினால் சித்திரை வீதியை வெறுங்காலோடு பாதி சுற்ற வேண்டியிருக்கும்.